"மூணு ரிங்... மூணு கட்!" - இன்கமிங்குக்கும் காசு கட்டிய காலத்து பட்டன் போன் கதைகள்

கடந்த தை மாதம் பாபநாசம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து, மண்டபத்து ஓரமாக நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு எல்லோரும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நேரம். பெரியப்பா தன் மஞ்சப்பையைத் துழாவி, பழைய கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை வெளியே எடுத்தார். நோக்கியா 5110. தலையில் குட்டைக் கொம்பு மாதிரி ஆன்டெனா. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

"தாத்தா, இதுல ரீல்ஸ் வருமா?" என்றான் ஒரு வாண்டு.

"இதுல பாம்புதான்டா வரும்" என்றார் பெரியப்பா.

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் முதல் போன் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். எது முதல் செட், எந்தக் கம்பெனி சிம், எந்த மொட்டைமாடியில் நின்றால் டவர் கிடைக்கும், நிமிடத்துக்கு எவ்வளவு... சத்தம் மண்டபத்தைத் தாண்டிப் போனது. எனக்கோ உள்ளுக்குள் குஷி. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், '90ஸ் கிட்ஸ்' என்று தலைப்பில் வைத்தாலே அன்றைக்கு ஒரு ஐட்டம் தேறிவிடும். பம்பரம், தேன்மிட்டாய் வரிசையில் அடுத்து நோக்கியா என்று மனசுக்குள் எழுதவே தொடங்கிவிட்டேன்.

அப்பா மட்டும் எழுந்து போய்விட்டார். கை கழுவப் போகிறேன் என்று சொன்னார். ஏற்கெனவே கழுவியிருந்தார்.

அம்மா என் காதோரம் குனிந்து, "அந்த போனைப் பார்த்தாலே உங்கப்பாவுக்கு ஆகாது. எதுவும் கேட்டு வைக்காதே" என்றார். கேட்காதே என்றால் கேட்பதுதானே எங்கள் தொழில்!

பேசினாலும் காசு... கேட்டாலும் காசு!

முதலில் அந்தக் காலத்துக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு இது புரியாமல் மற்றது புரியாது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. கொல்கத்தாவில் இருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தச் சமயத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். அதுவும் கூப்பிடுகிறவருக்கு மட்டும் அல்ல, எடுத்துப் பேசுகிறவருக்கும் மீட்டர் ஓடும். நாம் 'ஹலோ' என்று சொன்ன நொடியில் நம் பாக்கெட்டில் இருந்தும் காசு கழன்றுவிடும்.

சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி செல்லுலார் என்று இரண்டு கம்பெனிகள். சென்னைக்கு வெளியே பி.பி.எல், ஏர்செல். நம்பரின் முதல் ஐந்து எண்களைப் பார்த்தே ஆளை எடை போடுவார்களாம். 98400 என்றால் சென்னை, 98420 என்றால் கோயம்புத்தூரோ மதுரையோ. சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடு வேறு வட்டம். சென்னை செல்போனோடு ஊர்ப் பக்கம் பஸ் ஏறினால், சொந்த மாநிலத்துக்குள்ளேயே ரோமிங்.

ஆண்டுகள் போகப் போகக் கட்டணம் குறைந்தது. ஆனால், இன்கமிங்குக்குக் காசு என்பது மட்டும் 2003 ஏப்ரல் வரை இருந்தது. அந்த ஆண்டு மே 1 முதல்தான், 'கூப்பிடுகிறவர் மட்டும் கட்டினால் போதும்' என்ற முறை நடைமுறைக்கு வந்தது.

என் அப்பாவுக்கு இந்தத் தேதி மனப்பாடம். "ஒன்றரை வருஷம் கழிச்சு வந்துச்சு" என்றார். எதற்கு ஒன்றரை வருடம் கழித்து என்று கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது.

அப்பா சொன்னது

"2001 ஐப்பசி மாசம். அப்பாயிக்கு மூச்சுத்திணறல்னு கும்பகோணத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். ராத்திரி பத்து மணி போல டாக்டர் வந்து பார்த்துட்டு, 'சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க'ன்னுட்டார். அண்ணன் மெட்ராஸ்ல. அண்ணன் வீட்டுக்கு பி.பி நம்பர் ஒண்ணு உண்டு, கீழ் வீட்டு ஓனரோட லேண்ட்லைன். அடிச்சா மணியே போகலை. அங்கேயும் பேய் மழை, லைன் செத்துக் கிடந்திருக்கு. சரி, செல்லுக்கு அடிப்போம்னு ஆஸ்பத்திரி எதிர்ல இருந்த எஸ்.டி.டி பூத்துல உட்கார்ந்தேன்."

பூத் தெரியாதவர்களுக்காக: கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் மீட்டர். எதிர்முனையில் எடுத்தால்தான் மீட்டர் ஓடும். ராத்திரி நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும் என்பதால், பத்து மணிக்கு மேல்தான் கூட்டமே வரும்.

"முதல் தடவை ரெண்டு ரிங் போச்சு. கட். லைன் கோளாறு போலன்னு வார்டுக்குப் போய் அப்பாயியைப் பார்த்துட்டு வந்து மறுபடி அடிச்சேன். ஒரே ரிங், கட். திரும்பவும் போய்ப் பார்த்துட்டு வந்து மூணாவது தடவை. அதுவும் கட். பூத்துப் பையன் என்னையே பார்க்கிறான். மீட்டர்ல ஒரு பைசா ஓடலை. அவன்கிட்ட என்னன்னு சொல்றது... எங்கண்ணன் நாலு ரூபாய்க்குப் பயந்துகிட்டு எடுக்க மாட்டேங்குதுன்னா?"

அப்பாயி விடியற்காலை நாலரை மணிக்கு இறந்துபோனார். காலை ஒன்பது மணிக்கு பெரியப்பா வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸ் திறந்த பிறகுதான், அங்கிருந்த லேண்ட்லைனில் தகவல் சொல்ல முடிந்தது. அப்போது கோயம்பேடு பஸ் நிலையம் கிடையாது. பாரிமுனையில் பஸ் பிடித்து, வழியெல்லாம் மழையில் ஊர்ந்து, பெரியப்பா ஊருக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது வழக்கம். இளையவர் ஊரில்தானே இருக்கிறார், பிறகு யாருக்காகக் காத்திருப்பது?

பெரியப்பா உள்ளே நுழைந்தபோது வீட்டைக் கழுவி விளக்கேற்றி வைத்திருந்தார்கள். தாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் தம்பி இருவரும் பேசாமல் இல்லை. கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் பக்கத்துப் பக்கத்து இலையில்தான் உட்காருவார்கள். "சாப்பிட்டாச்சா", "எத்தனை மணிக்கு பஸ்" என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். 20 வருடத்துக்கும் மேலாக இப்படித்தான். எங்கள் தலைமுறைப் பிள்ளைகள் அதை அவர்கள் சுபாவம் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறோம்.

சிம் இருந்தது, செட் இல்லை!

அப்பாவிடம் கேட்ட பிறகு நேரே பெரியப்பாவிடம் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால், சுற்றி வளைத்து மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டதெல்லாம் சிரிப்புக் கதைகள்தான். ஆனால், கேட்கக் கேட்க ஒன்று உறைத்தது. அந்தக் காலத்தில் யார் யாரோடு பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது, எப்போது எடுக்காமல் விடுவது என்பதையெல்லாம் காசுதான் முடிவு செய்திருக்கிறது.

மன்னார்குடி மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல் செல்போன் சேவை தொடங்கியது. எங்கள் மாதிரி ஊர்களுக்கெல்லாம் செல்போன் என்ற ஒன்று கண்ணில் பட்டதே அதற்குப் பிறகுதான். "ரேஷன் கடை க்யூவெல்லாம் ஒண்ணுமே இல்ல. சிம்முக்கு அப்ளிகேஷன் வாங்க வெள்ளனவே போய்ச் செருப்பைப் போட்டு இடம் பிடிச்சோம்" என்கிறார். 94430 என்று தொடங்கும் நம்பர் கிடைத்துவிட்டது. ஆனால், செட் வாங்கக் காசு இல்லை. நான்கு மாதம் சிம் கார்டை மட்டும் பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். "போட்டேன், ஸ்விட்ச் ஆஃப்னு வருதே" என்று கேட்டால், "டவர் இல்லைப்பா" என்பாராம்.

திருப்பூர் சித்தியின் கதை வேறு. 2003-ம் ஆண்டு ரிலையன்ஸ், 501 ரூபாய் கட்டினால் கையில் போன், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்று அறிவித்தது. பனியன் கம்பெனியில் வேலை பார்த்த சித்தி அப்படித்தான் ஒன்று வாங்கினார். சி.டி.எம்.ஏ செட். சிம்மைக் கழற்றி வேறு செட்டில் போடும் வேலையெல்லாம் நடக்காது, செட்டும் நம்பரும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே கம்பெனி போனுக்குள் பேசினால் நிமிடத்துக்கு 40 காசு.

"அந்த 40 காசுக்காகவே எந்தங்கச்சியையும் அதே போனை வாங்க வெச்சேன். என் கூட்டாளி ஒருத்தி வேற கம்பெனி வாங்கிட்டா. அவகிட்டப் பேசுறது அப்படியே குறைஞ்சுபோச்சு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. காசு அதிகம், அவ்வளவுதான். இப்போ எங்க இருக்காளோ" என்றார் சித்தி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு ரிங் சாப்பிட்டாச்சு... ரெண்டு ரிங் கூப்பிடு!

எங்கள் ஆபீஸ் சீனியர் அக்கா, 2007-ல் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். ஓர் அறையில் நான்கு பேர், நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு நோக்கியா 1100. 2003-ல் வந்த இந்த மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது என்பார்கள். ஹாஸ்டலில் அதன் பெயர் 'டார்ச்'. கரன்ட் கட்டான ராத்திரிகளில் பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அந்த நேரம் பார்த்து யார் வீட்டில் இருந்து போன் வந்தாலும் பாத்ரூம் வாசலில்தான் பேச வேண்டும்.

அப்போது இன்கமிங் இலவசம். ஆனால், பேலன்ஸ் எப்போதும் 2 ரூபாய்க்குக் கீழேதான். அதனால், மிஸ்டு காலுக்கு ஒரு தனி மொழியே வைத்திருந்தார்கள். "ஒரு ரிங் விட்டா, சாப்பிட்டாச்சு, நல்லாயிருக்கேன்னு அர்த்தம். ரெண்டு ரிங்குன்னா, கூப்பிடும்மான்னு அர்த்தம். தப்பித் தவறி அம்மா எடுத்துட்டாங்கன்னு வை, அம்புட்டுத்தான். 'ஏன் எடுத்தீங்க'ன்னு கேக்கறதுக்கே ஒரு ரூபாய் போயிடும்!"

கடையில் டாப் அப் போடுவது பெண்களுக்கு ஒரு தலைவலி என்றார் அக்கா. நோட்டில் நம்பரை எழுத வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் அதை எட்டிப் பார்ப்பான். ராத்திரி 'ஹாய்' என்று மெசேஜ் வரும். அதனாலேயே நான்கு பேரும் ஈசி ரீசார்ஜ் பக்கம் போகாமல், சுரண்டுகிற கார்டாகவே வாங்கியிருக்கிறார்கள். அவருக்கு நிச்சயம் ஆனதும் மாப்பிள்ளை வீட்டில் இருந்து வந்த முதல் பரிசு பட்டுப்புடவை இல்லை. மாப்பிள்ளை வைத்திருந்த அதே கம்பெனியின் சிம் கார்டு!

எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து எல்லை. பொங்கல், தீபாவளி, புத்தாண்டு அன்று மட்டும் எந்த இலவச பேக்கும் செல்லாது, மெசேஜுக்குத் தனிக்காசு. அதனால், எல்லோரும் போகி அன்றே பொங்கல் வாழ்த்தை அனுப்பித் தள்ளிவிடுவார்கள். 2011-ல் ஒரு நாளைக்கு 100 மெசேஜ்தான் என்று டிராய் எல்லை போட்டு, பிறகு 200 ஆக்கியது. அன்றைய காதலர்கள் டிராயைத் திட்டிய திட்டு இருக்கிறதே... அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பேச்சை 59-வது நொடியில் வெட்டுவது ஒரு கலையாகவே இருந்திருக்கிறது. அறுபதைத் தாண்டினால் அடுத்த நிமிடத்தின் காசும் போய்விடும். 2009-ல் டாடா டொகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று வந்து, மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்த பிறகுதான் அந்தக் கலை அழிந்தது. அதே சமயத்தில் ஊரெல்லாம் 'கொரியா செட்'. சீனாவில் இருந்து வந்ததை ஏன் கொரியா என்றார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரெண்டு சிம், டீக்கடையே அதிரும் ஸ்பீக்கர். ஐ.எம்.இ.ஐ நம்பர் இல்லாத செட்டுகளுக்கு இணைப்பு கிடையாது என்று 2009 நவம்பர் 30-ம் தேதி கெடு வைத்ததும், என் சித்தப்பாவின் செட் பாட்டு கேட்கும் பெட்டியாக மட்டும் மாறிப்போனது.

இந்த போன்களில் எத்தனையோ நம் ஊர்ப் பெண்களின் கையால் செய்யப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியபோது, பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பெண்கள் ஊர் ஊராகக் கம்பெனி பஸ் ஏறினார்கள். என் அத்தை மகளும் அதில் ஒருத்தி. முதல் சம்பளத்தில் அத்தைக்கு அவள் வாங்கிக் கொடுத்ததும் ஒரு பட்டன் போன்தான். 2014 நவம்பர் 1 முதல் அங்கே உற்பத்தி நின்றுபோனது.

கம்பெனிகளும் அப்படித்தான். ஸ்கைசெல் ஏர்டெல் ஆனது. ஆர்.பி.ஜி ஏர்செல்லோடு சேர்ந்தது. பி.பி.எல் ஹட்ச் ஆகி, ஹட்ச் வோடஃபோன் ஆகி, இப்போது வி. ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு ரீசார்ஜ் கடைக்காரர், போர்டு மாற்றியே தன் முதலில் பாதி போய்விட்டது என்பார்.

மிச்சம் இருப்பது பழக்கம்தான். இன்றைக்கும் எங்கள் பக்கம் வயதானவர்களுக்கு போன் போட்டுப் பாருங்கள். கட் பண்ணிவிட்டு அவர்களே திரும்ப அடிப்பார்கள். 'சின்னப் பிள்ளை, அது காசு எதுக்குப் போகணும்' என்று அதற்கு அர்த்தம்.

பெரியப்பா சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதவரத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். போன் பற்றி ஆர்ட்டிகிள் எழுதுகிறேன் என்றதும் சந்தோஷமாக 5110-ஐ எடுத்து மேஜையில் வைத்தார். பெரியம்மா காபி கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் பாம்பு விளையாட்டு, பெல்ட் பவுச் என்று பேசிவிட்டு மெதுவாகக் கேட்டேன். "பெரியப்பா, அப்பாயி ஆஸ்பத்திரியில இருந்த அன்னிக்கு ராத்திரி..."

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"இந்த செட்டு நான் வாங்கினது இல்ல பாப்பா. முதலாளி கொடுத்தது. மாசம் 500 ரூபாய் வரைக்கும் நான் கட்டுறேன், அதுக்கு மேல போனா உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்னு சொல்லித்தான் கொடுத்தார். எனக்குச் சம்பளமே அப்ப 3,500. ஊர்ல என்னடான்னா, அண்ணன் மெட்ராஸ்ல செல்லோட சுத்துதுன்னு பேச்சு.

டிரைவருங்க பூத்துலருந்து அடிப்பானுங்க. எடுத்தா, லோடு இறக்கினதுல ஆரம்பிச்சு, குடிச்ச டீ நல்லா இல்லைங்கற வரைக்கும் சொல்லுவானுங்க. எனக்கு மீட்டர் ஓடும். அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தோம். வண்டி போய்ச் சேர்ந்ததும் அடிக்கணும், நான் கட் பண்ணிருவேன். கட் ஆனா, எனக்குத் தகவல் வந்துடுச்சுன்னு அவனுக்குத் தெரியும். அவனுக்கும் காசு மிச்சம், எனக்கும் மிச்சம். ஏதாச்சும் பிரச்னைன்னா மட்டும் விடாம அடுத்தடுத்து அடிக்கணும். நம்பர் தெரியறதுக்கு மாசம் தனியாக் காசு கேட்டாங்க, முதலாளி வேணாம்னுட்டார். அதனால யார் அடிக்கிறாங்கன்னு ஒண்ணும் தெரியாது."

நிறுத்தினார். பெரியம்மா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு மூணு வண்டி வெளியில போயிருந்துச்சு. ஓசூர் ஒண்ணு, சேலம் ஒண்ணு, நெல்லூர் ஒண்ணு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கால் வந்துச்சு, கட் பண்ணினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. மூணு வண்டியும் சேர்ந்துடுச்சுடா சாமின்னு விளக்கை அணைச்சுட்டுப் படுத்தேன். மழை வேற. நல்ல தூக்கம் பாப்பா.

காலையில ஆபீஸைத் திறக்கறேன். நெல்லூர் வண்டி டிரைவர் லைன்ல வர்றான். 'அண்ணே, ரோட்டுல தண்ணி நிக்குது, வண்டி ராத்திரியிலருந்து நகரலை, இன்னும் நெல்லூர் போகலை'ங்கறான். அப்படின்னா நேத்து மூணாவதா அடிச்சது யாருன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. போனை வெச்சு ரெண்டு நிமிஷம்கூட இல்ல. மறுபடி மணி அடிச்சுது. தம்பி."

இதை ஏன் இத்தனை வருடம் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சாவு வீட்டுல உட்கார்ந்துகிட்டு, இன்கமிங்கு, டிரைவரு, கட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சொன்னா யாரு நம்புவா? காரியம் முடியட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னே போயிடுச்சு. எனக்கும் கோவம் இல்லாம இல்ல. ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சிருந்தா நான் முகத்தைப் பார்த்திருப்பேனே."

2003-ல் இன்கமிங் இலவசம் ஆன அன்று என்ன செய்தார் என்பதை, நான் கேட்காமலேயே சொன்னார். முதலில் அடித்த டிரைவரைப் பத்து நிமிடம் பேச விட்டாராம். "சேலத்துல டீ நல்லா இல்லைன்னான். சரிடான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நெல்லூர் வண்டி

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். போனில் சொல்லும் விஷயமாக இது தோன்றவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 500 ரூபாய், மூன்று வண்டி, தண்ணீரில் நின்ற லாரி எல்லாம். அப்பா குறுக்கே எதுவும் பேசவில்லை. முடிந்ததும், "நெல்லூர் வண்டியா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் நடுவுல நடுவுல எழுந்து வார்டுக்குப் போய் அப்பாயியைப் பார்த்துட்டு வந்தேன். இல்லன்னா விடாம அடிச்சிருப்பேன்."

அம்மா தட்டை எடுக்க வந்து, எடுக்காமல் நின்றார்.

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்தார். பெரியப்பாவின் நம்பர் அதே பழைய நம்பர்தான். கம்பெனியை மாற்றிக்கொண்டாலும் நம்பரை வைத்துக்கொள்ளலாம் என்று 2011-ல் வந்த பிறகு இரண்டு கம்பெனி மாறிவிட்டார், நம்பரை விடவில்லை. அப்பா கான்டாக்ட் லிஸ்ட்டுக்குப் போகவில்லை. பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ரெண்டு ரிங் போனது. கட்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பத்து நொடி இருக்கும், அவர் கையில் இருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடாமலேயே பெரியப்பாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏன்டா தம்பி, நீ எதுக்கு அடிக்கிற... உனக்கு எதுக்குக் காசு போகணும்னுதான் கட் பண்ணிட்டு அடிச்சேன்."

ரெண்டு பேருக்குமே அன்லிமிடெட் பிளான்தான். அப்பாவுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதே நான்தான்.

அப்பா எதுவும் சொல்லாமல் போனைக் காதில் வைத்தபடியே வாசல் திண்ணைக்குப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. நானும் அம்மாவும் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை, நெல்லூர் என்ற வார்த்தை மட்டும் உள்ளே கேட்டது.